நிலத்தை அளந்தவர்கள் – 9: வேண்டாத மூன்றாவது கோணம்

இதுவரை ஐரோப்பாவிலேயே சுற்றிக்கொண்டிருந்த நம் தொடர் இந்த வாரம் பரங்கிமலைக்கு வந்து சேர்கிறது. ஹாலந்தில் ஸ்நெல்லியஸ் 1615-இல் ஊர் ஊராகத் தேவாலயக் கோபுரங்களில் ஏறிக் கோணங்களைக் குறித்ததைப் பார்த்தோம். லண்டனுக்கு வெளியே ஹவுன்ஸ்லோ ஹீத் திடலில் வில்லியம் ராய் 1784-இல் அடிக்கோடு போட்டதையும் பார்த்தோம். அந்த ராயின் வழியை எழுத்தெண்ணிப் பின்பற்றிய ஒருவர்தான் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். 33-ஆம் காலாட்படையில் சேர்ந்து அமெரிக்க விடுதலைப் போருக்குப் போனார்; யார்க்டவுனில் சிறைப்பட்டார். அதன்பின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் படைவீடுகளைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் கழிந்தன. அந்தக் குளிர்தேசத்தில் அவருக்குத் துணையாக இருந்தவை கணிதப் புத்தகங்கள். நாற்பதைத் தாண்டிய வயதில்தான் இந்தியாவுக்கு வந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது படையெடுத்தபோது, இரவில் நகர்ந்த ஒரு படைப்பிரிவு திசை தவறி எதிரியின் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இவர்தான்.

அந்தப் போரில் திப்பு சுல்தான் வீழ்ந்த கையோடு லாம்டன் சென்னை அரசுக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்தார். தீபகற்பத்தைக் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை முக்கோணங்களால் இணைத்து, ஒவ்வோர் ஊரும் எங்கே இருக்கிறது என்பதைச் சந்தேகமில்லாமல் நிலைநாட்டிவிடலாம் என்பது அதன் சாரம். ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் ஒப்புதல் தந்தார். அவருக்கு வேண்டியிருந்தது வரைபடம். காலத்தை நினைத்துப் பாருங்கள். 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலேறினார்கள். புதிதாகக் கைக்கு வந்த நாடு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்றே கம்பெனிக்குத் தெரியாது. லாம்டனின் மனத்திலோ இன்னொரு கேள்வியும் இருந்தது: பூமியின் வடிவம் என்ன? ஒரு பாகை அட்சரேகையின் நீளம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் எவ்வளவு என்று தெரிந்தால், துருவப் பக்கத்தில் பூமி எவ்வளவு தட்டையானது என்று கணக்கிடலாம். அரசாங்கம் வரைபடத்துக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர் பூமியையும் அளந்துகொண்டார்.

ஒரே ஒரு பக்கம்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கணக்குதான் அடிப்படை. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றவை எல்லாம் தெரிந்துவிடும். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பதால் மூன்றாவது கோணம் கழித்தலில் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் அதன் எதிர்க்கோணத்தின் சைன் மதிப்புக்கு ஒரே விகிதத்தில் இருக்கும் என்பதால் மற்ற இரண்டு பக்கங்களும் கிடைக்கும். 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே இதற்கான சைன் மதிப்புகளின் வரிசை உண்டு. சூத்திரம் யாருக்கும் புதிதல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. 12.2 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையுச்சி ஒன்றைப் பார்க்கிறோம். ஒரு முனையில் கோணம் 70 பாகை, மறுமுனையில் 60 பாகை. அப்படியானால் உச்சியில் 50 பாகை. 60 பாகையின் சைன் மதிப்பான 0.8660-ஐ 50 பாகையின் மதிப்பான 0.7660-ஆல் வகுத்து 12.2-ஆல் பெருக்கினால் 13.79. முதல் முனையிலிருந்து உச்சிக்கு அவ்வளவு கிலோமீட்டர். 70 பாகையின் மதிப்பான 0.9397-ஐ வைத்து அதே போலச் செய்தால், மறுமுனையிலிருந்து 14.97 கிலோமீட்டர். இடையில் ஆறு இருந்தாலும் காடு இருந்தாலும் கவலையில்லை. யாரும் நடந்துபோய் அளக்க வேண்டியதில்லை. இப்படிக் கிடைத்த பக்கத்தையே அடுத்த முக்கோணத்தின் அடியாக வைத்துக்கொண்டு முன்னேறலாம். ஒரு கோட்டை மட்டும் தரையில் அளந்தால் போதும்; அதுதான் அடிக்கோடு. அதன்பின் நாடு முழுக்கக் கோணங்கள்தான்.

கேட்க எளிது. ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. அந்த ஒரு கோட்டில் வந்த பிழை குமரி வரைக்கும் கூடவே வரும். ஒரு கோணத்தில் நேர்ந்த தவறு அடுத்தடுத்த முக்கோணங்களில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். லாம்டனின் இருபது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி தெரியாததைக் கண்டுபிடிப்பதில் செலவாகவில்லை. கண்டுபிடித்தது சரிதானா என்று பார்ப்பதில்தான் செலவானது.

வெயிலில் நீளும் சங்கிலி

1802 ஏப்ரல் 10 அன்று அடிக்கோட்டு வேலை தொடங்கியது. இந்த நாளைத்தான் இந்தியாவில் தேசிய நில அளவை நாளாகக் கொண்டாடுகிறார்கள். கோட்டின் ஒரு முனை பரங்கிமலைக்கு அருகே. மறுமுனை தெற்கே பெரும்பாக்கம் குன்றருகே. இன்றைய வரைபடத்தில் இரண்டையும் சேர்த்தால் மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கமாகப் போகும். அன்று அது வெட்டவெளி.

அளக்கப் பயன்பட்டது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. லண்டனின் புகழ்பெற்ற கருவிப் பட்டறைக்காரர் ஜெஸ்ஸி ராம்ஸ்டென் செய்தது. இந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. 1793-இல் மெக்கார்ட்னி பிரபு தலைமையில் சீனப் பேரரசரிடம் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவின் பரிசுப் பொருள்களில் ஒன்றாக அது பெய்ஜிங்குக்குப் பயணப்பட்டது. அங்கே யாருக்கும் வேண்டாமல் போகவே, குழுவில் இருந்த டாக்டர் டின்விடி அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். லாம்டன் தேடிப்பிடித்தார். 1800-இல் பெங்களூரில் வெள்ளோட்டமும் பார்த்துவிட்டார்.

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்து அளக்கவில்லை. தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆகவே முக்காலிகளின் மேல் மரத்தாலான நீண்ட தொட்டிகளை வரிசையாக வைத்து, திருகுகளால் மட்டம் செய்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். ஒவ்வொரு முறையும் இழுவிசை ஒரே அளவில் இருப்பதற்காக முனையில் எடை தொங்கியது. தொட்டிகளுக்குள் வெப்பமானிகள். மேலே வெயில் படாமல் கூடாரத் துணி. ஒரு நூறடி முடிந்ததும் முனையைக் குறித்துவிட்டு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த நூறடிக்கு நகர வேண்டும். இப்படி நானூறு தடவை. அதுவும் சென்னையின் ஏப்ரல், மே மாதங்களில்.

வெப்பமானி எதற்கு? சூட்டில் எஃகு நீளும். நூறடிச் சங்கிலி ஒரு செல்சியஸ் பாகைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான் நீளும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் பத்துப் பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நானூறு சங்கிலிக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 1.4 மீட்டர்! அதனால் ஒவ்வொரு நூறடிக்கும் வெப்பநிலையைக் குறித்து, 62 பாகை ஃபாரன்ஹீட்டில் இருந்தால் என்ன நீளம் வந்திருக்கும் என்று திருத்தினார்கள். அதன்பின் கடல் மட்டத்துக்கும் திருத்தினார்கள். கடைசியில் வந்த விடை 40,006.4418 அடி. ஏழரை மைலுக்குச் சற்று அதிகம். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் எழுதும் துணிச்சல் இந்தப் பாடுபட்டவருக்கு மட்டுமே வரும்.

மூன்றாவது கோணம்

கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் அடிக்கோட்டு வேலை முடிந்த பிறகே வந்து சேர்ந்தது. லண்டனில் வில்லியம் கேரி செய்தது. மூன்றடி விட்டமுள்ள கிடைவட்டம், ஏறத்தாழ அரை டன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று அதைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது அறிவியல் கருவி என்று அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கே திருப்பி அனுப்பினார். இரண்டு நாடுகளும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது.

இனி வேலை மலையுச்சிகளில். ஓர் உச்சியில் கருவி நிற்கும். மற்ற இரண்டு உச்சிகளில் கொடிகள் நிற்கும். கோணத்தைப் பாகை, கலை, விகலை வரை உருப்பெருக்கி வைத்துப் படிப்பார்கள். பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை. படித்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் மாட்டார்கள். வட்டத்தில் கோடு பிரித்தவர் எங்கோ சற்றுத் தவறியிருக்கலாம் என்பதால் வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் திரும்பத் திரும்பப் படித்துச் சராசரி எடுப்பார்கள்.

இப்போது தலைப்புக்கு வருவோம். மூன்றாவது கோணம் கழித்தலில் கிடைத்துவிடும் என்றோம். அப்படியிருக்க, அதற்காக இன்னொரு மலைமேல் அரை டன் கருவியை ஏற்றுவது எதற்கு? லாம்டன் ஏற்றினார். இரண்டு கோணங்களை அளந்து மூன்றாவதைக் கழித்தால் கூட்டுத்தொகை எப்போதும் சரியாகத்தான் வரும். அளந்தது தவறாக இருந்தாலும் சரியாகவே வரும். மூன்றையும் அளந்தால்தான் கூட்டுத்தொகை நமக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியும். அந்தக் கோணத்தை அளப்பதால் புதிதாக ஒரு நீளமும் கிடைக்காது; இருக்கும் நீளங்களை நம்பலாமா என்பது மட்டும் தெரியும்.

கூட்டுத்தொகையும் சரியாக 180 அல்ல. பூமி உருண்டை என்பதால் அதன்மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் 180-ஐவிடக் கொஞ்சம் மிகும். ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை என்பது கணக்கு. ஐம்பது கிலோமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தில் மிகை ஐந்தரை விகலை. மிகையைப் பரப்பிலிருந்து முன்கூட்டியே கணக்கிட்டு, அளந்த கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவார்கள். மீதம் நிற்பதுதான் உண்மையான பிழை. மிகையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு கோணத்திலிருந்தும் கழித்துவிட்டால், தட்டை முக்கோணம் போலவே சைன் விதியைப் பயன்படுத்தலாம் என்று பிரான்சின் லெஜாந்தர் 1787-லேயே காட்டியிருந்தார்.

எந்த முக்கோணத்தையும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அடிக்கோட்டுக்கு எதிர்க்கோணம் 60 பாகை என்றால், அதில் ஒரு விகலை தவறு வந்தால் ஐம்பது கிலோமீட்டர் பக்கத்தில் 14 சென்டிமீட்டர்தான் பிசகும். அதே கோணம் 5 பாகை என்றால் அதே ஒரு விகலை இரண்டே முக்கால் மீட்டரை விழுங்கிவிடும். அதனால்தான் ஒல்லியான முக்கோணங்களைத் தவிர்த்து, கிட்டத்தட்டச் சமபக்கமாக அமையும்படி உச்சிகளைத் தேடி அலைந்தார்கள்.

மூன்றே முக்கால் அங்குலம்

முதலில் சோழமண்டலக் கரையோரமாக ஒரு வடதெற்கு வரிசை. கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து சென்னைக்கு வடக்கே வரை, ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். இரு முனைகளிலும் ஜெனித் செக்டர் என்ற கருவியால் நட்சத்திரங்களை உச்சிவானில் பார்த்து அட்சரேகையைக் கண்டார்கள். ஒரு பாகை 110.6 கிலோமீட்டர் என்று வந்தது. இன்று செயற்கைக்கோள் காலத்தில் நாம் சொல்லும் மதிப்பும் முதல் தசமம் வரை அதுவேதான்.

அடுத்து மேற்கே. சென்னையிலிருந்து பெங்களூர் வழியாக மங்களூர் வரை. 1804-இல் பெங்களூரை எட்டியதும் லாம்டன் இரண்டாவது தடவையாக வேண்டாத வேலை ஒன்றைச் செய்தார். அங்கே ஏழரை மைல் அளவில் ஒரு கோட்டைக் கணக்கிட்டே கண்டுபிடித்துவிடலாம். பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஆனாலும் அதே கோட்டைச் சங்கிலி போட்டுத் தரையில் அளக்கச் சொன்னார். உதவியாளர் ஜான் வாரன் அளந்தார். இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கோணங்களாலேயே கடந்து வந்த கணக்குக்கும், தரையில் கிடந்த சங்கிலிக்கும் வித்தியாசம் மூன்றே முக்கால் அங்குலம். லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கும் இருந்திருக்கலாம். ஒரு முக்கோணத்தில் கூடிய பிழையை இன்னொன்றில் குறைந்த பிழை அடித்துவிடுவதுண்டு. லாம்டனும் அதோடு திருப்தி அடைந்துவிடவில்லை. 1806-இல் கோயம்புத்தூர், 1809-இல் திருநெல்வேலி, 1811-இல் குத்தி என்று போன இடமெல்லாம் புதிய அடிக்கோடுகள் போட்டுக்கொண்டே போனார்.

மேற்குக் கரையை அடைந்தபோது ஒரு வேடிக்கை. கிழக்கிலிருந்து மேற்குக்கு 400 மைல் என்று பழைய வரைபடங்கள் சொல்லிவந்தன. முக்கோணங்கள் 360 என்றன. நாற்பது மைல் நிலம் வரைபடத்திலிருந்து காணாமல் போனது.

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்ப்பு இல்லாமலில்லை. அதுவரை இந்திய வரைபடத்துக்கு ஒரே அதிகாரியாக இருந்த மேஜர் ரென்னல், நட்சத்திரங்களைப் பார்த்தே இடங்களைக் குறித்துவிடலாமே, இத்தனை செலவு ஏன் என்றார். லண்டனில் அரச வானியலாளர் மாஸ்கலின் லாம்டன் பக்கம் நின்றார். சென்னையில் செலவுக் கணக்கு பார்த்த ஓர் அதிகாரியோ, ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குகிறவனிடம் சொன்னால் போதுமே, அதற்கு லாம்டனின் வரைபடம் எதற்கு என்று கேட்டதாகச் சொல்வார்கள். வழி தெரிவதற்கு வரைபடம் வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் ஊர்களை அறியாத அரசு, அங்கே போகாமலேயே ஆள வேண்டுமானால் அதற்கு வரைபடம் வேண்டும். கம்பெனிக்கு அந்த நியாயம் சீக்கிரமே புரிந்துவிட்டது.

தஞ்சையில் விழுந்த அடி

காவிரிச் சமவெளியில் வேறு சிக்கல். மலை இல்லை, தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. கண்ணுக்கு எட்டிய உயரம் கோயில் கோபுரங்கள் மட்டுமே. அவற்றையே முக்கோண முனைகளாக ஆக்கிக்கொண்டார் லாம்டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் பெரிய தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த துணைக்கயிறு அறுந்தது. அரை டன் கருவி ராஜராஜனின் கல் சுவரில் போய் மோதியது. கிடைவட்டம் கோணிப்போயிற்று.

வட்டம் கெட்டால் கோணம் இல்லை. கோணம் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. புதியது வேண்டுமானால் லண்டனிலிருந்து வர வேண்டும். கருவியோடு ஒதுங்கினார் லாம்டன். அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார். பெரிய பலகை ஒன்றில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, நசுங்கிய விளிம்பை ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக இழுத்து அதற்குள் பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது.

அந்த ‘ஏறக்குறைய’வோடுதான் அவர் தெற்கே இறங்கிக் குமரி வரை போனார், பிறகு வடக்கே திரும்பினார். அடிபட்ட வட்டத்தை எப்படி நம்பினார்? நம்பவில்லை என்பதுதான் பதில். வட்டத்தின் வெவ்வேறு இடங்களில் படித்து எடுத்த சராசரி, மூன்றாவது கோணம், அடுத்த அடிக்கோடு ஆகிய மூன்று சாட்சிகளும் ஒத்துப்போன பிறகுதான் ஒரு நீளம் அவர் பதிவேட்டில் ஏறியது. கருவி குற்றமற்றதாக இருந்திருந்தாலும் அவர் இதையேதான் செய்திருப்பார். முதல் நாளிலிருந்தே எதையும் நம்பாமல் கட்டிய முறை என்பதால்தான் தஞ்சை விபத்தை அது தாங்கியது.

1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலைக்கு நடுவிலேயே லாம்டன் இறந்தார். அப்போது எழுபதை நெருங்கியிருந்தார். குமரிக்கு அருகிலிருந்து ஏறத்தாழ பத்துப் பாகை நீளத்துக்கு முக்கோணச் சங்கிலி வளர்ந்திருந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் 1818-இல் உதவியாளராக வந்து சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட். குருவின் மீது அவருக்கு மரியாதை இருந்தது. குருவின் சங்கிலியின் மீது இல்லை. சூட்டில் நீளாத வேறொரு அளவுகோலோடு 1830-இல் இந்தியாவுக்குத் திரும்பிவந்தார். அவர் கருவிகளைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் ஆற்காட்டில் பிறந்து சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்த சையது மீர் மொசின் உசேன். அவர் கதையும், வெப்பத்துக்கு அசையாத அந்த அளவுகோலின் கதையும் அடுத்த வாரம்.